பூட்டுக்கு வெளியே ஒரு வரி

முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கடிதம் எழுதிப் பிழைத்தவன் நான். அதில் கடைசி எட்டு வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திப் பிழைத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை தவறாமல் ஒரு கடிதத்தை எழுத எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இது பெருமைக்காகச் சொல்வதல்ல, நிஜம். பொருள் எழுதாமல் வந்த கடிதத்தை நான் படித்ததே இல்லை. அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதற்காக இளநிலை உதவியாளர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஓய்வு பெற்ற நாளில்தான் காதுக்கு வந்தது. கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பும் வந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு நான் செய்த காரியத்தைச் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தெரியாத வயசாளி செய்த தவறு என்று எல்லோரும் சுலபமாக மன்னித்துவிடுகிறார்கள். அது அப்படி இல்லை. தெரியாத விஷயங்களை எல்லாம் நான் தட்டுத்தடுமாறிச் சரியாகத்தான் செய்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில்தான் கவிழ்ந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்தாள். பெங்களூரில் மூன்று வருஷம் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அது என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு மோகனூர்ப் பக்கம் ஒரு கரும்புக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். வேலையை விட்டுவிட்டுப் போனாள். கரும்பு விளைகிற காடு, தண்ணீர், ஆட்கள் மூன்றையும் நான் நேரில் போய் விசாரித்தேன். மூன்றிலும் குறை இல்லை. மாப்பிள்ளை குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. மாமனார், மாமியார், மைத்துனர் குடும்பம் எல்லாம் ஒரே வீடு.

அந்த வீட்டில் எதற்கும் பூட்டுக் கிடையாது. நாங்கள் முதல் முறை போனபோது சம்பந்தியம்மா அதைத்தான் பெருமையாகச் சொன்னார். மறைத்து வைக்க எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. கல்யாணமான பிறகுதான் அதன் முழு அளவும் தெரிந்தது. மகள் எங்களுடன் போனில் பேசினால் கூடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நாங்கள் செல்லமாக "சாப்ட்டியா சாமி" என்று கேட்டால் பதிலை மூன்று பேர் சொல்வார்கள். அவளுடைய ஈமெயில் மாப்பிள்ளையின் போனிலும் வந்துகொண்டிருந்தது. கேஸ் பதிவு, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அந்த முகவரிதான் என்பதால் வசதிக்காகப் போட்டுக்கொண்டார்களாம். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஐப்பசியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வந்தாள். ஐந்து நாள் இருப்பதாகப் பேச்சு. வந்த அன்றே முகத்தைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. நான் அதில் பேப்பர் படிப்பதோடு சரி. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"உங்களுக்கும் எனக்கும் மட்டும் ஒரு தபால் வேணுமுங்கப்பா" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கு விளங்கிய வரையில் இதுதான். தபால் பெட்டி பழையதே இருக்கும். பெட்டியை மாற்றினாலோ பாஸ்வேர்டை மாற்றினாலோ ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வரும். புதிதாக ஒரு பெட்டி தொடங்கலாம் என்றால், அதை உறுதிசெய்ய வரும் குறியீட்டு எண் மாப்பிள்ளை போனுக்குப் போகும். அதனால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதைப் பார்ப்பதற்கு நமக்கென்று தனியாக ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ளலாம். வெப்மெயில் மென்பொருள் என்பது அந்த ஜன்னல். எங்கோ ஒரு சர்வரில் ஒரு சின்ன இடம் பிடித்து அதில் நிறுவினால், எந்த போனிலிருந்தும் அந்த விலாசத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பூட்டி அனுப்பும் கடிதம் மற்ற எல்லோருடைய கண்ணுக்கும் கன்னாபின்னா எழுத்தாகத் தெரியும். நம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மட்டும் படிக்க முடியும்.

"கன்னாபின்னான்னு வந்தா மாப்பிள்ளை கேக்க மாட்டாரா?" என்றேன். அப்பா கம்ப்யூட்டரில் வைரஸ், அது பாட்டுக்கு எதையாவது அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்வாளாம். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தது சாவி விவகாரம். ஆளுக்கு இரண்டு சாவி என்றாள். கருவூலத்தில் இரட்டைப் பூட்டு இருக்கும், இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு சாவியோடு வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அது போலத்தானே என்று கேட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இல்லையாம். ஒரு சாவி பூட்டுவதற்கு மட்டும். அதை ஊருக்கே கொடுக்கலாம். இன்னொன்று திறப்பதற்கு மட்டும். அதைப் பெற்ற அப்பனுக்கும் கொடுக்கக் கூடாது. திறப்பதற்கும் தனியாக ஒரு ரகசிய வாக்கியம் உண்டு.

"பூட்டின சாவில தொறக்க முடியாதுன்னா அதென்ன சாவி?" என்றேன். எனக்கு ஒன்று புரியாவிட்டால் முதலில் கோபம்தான் வரும்.

"நீங்க எனக்கு எழுதறத எம்பட பூட்டுச் சாவில பூட்டுவீங்க. பூட்டுனதுக்கப்பறம் நீங்களே நெனச்சாலும் தொறக்க முடியாதுங்கப்பா. நான் தொறந்தாத்தான் உண்டு."

நானே எழுதியதை நானே திறக்க முடியாது என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. அலுவலகப் பிரதி இல்லாமல் ஒரு கடிதம் எப்படி வெளியே போகும்? அதையும் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

சர்வரில் இடம் பிடித்து, மென்பொருள் சாமான்களைக் கொண்டுபோய் இறக்கிவைத்தது வரைக்கும் அவள் செய்தாள். மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். மில்லிலிருந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்துவிட்டது, வெட்டு ஆட்களுக்குச் சமைக்க வீட்டில் ஆள் போதாது, கூட்டிப் போக வருகிறேன் என்றார். அவர் வந்து சேர்வதற்குள் மிச்ச வேலையை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எனக்காக எழுதி வைத்தாள். மொத்தம் இருபத்திரண்டு படிகள். முதல் பதினான்கு படிகள் பொறுமையாக, பக்கத்தில் சின்னச் சின்னப் படம் போட்டு. அதற்குப் பிறகு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது. மிச்சத்தை அடுப்படியில் நின்றுகொண்டே கிறுக்கினாள். நோட்டை என் பேப்பர்க் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று கண்ணாலேயே காட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அடுத்த ஒன்பது நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுதுவது மனிதர்களுக்கு எழுதுவதைப் போல் இல்லை. நோட்டில் சொன்னபடி ஒரு பக்கத்தைத் திறந்தேன். அதில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. சில வரிக்குப் பக்கத்தில் பச்சை, சில வரிக்குப் பக்கத்தில் சிவப்பு. சிவப்பு என்றால் என் அலுவலகத்தில் நான் போடுவது. இங்கே எனக்கே போட்டுக் காட்டினார்கள். சிவப்பு வந்தால் பதறாதீர்கள், கீழே போங்கள் என்று நோட்டில் இருந்தது. நான் பதறினேன்.

தபால்களைப் பற்றிய விவரம் எல்லாம் எழுதிவைக்க ஒரு பேரேடு மாதிரி ஒன்றை உண்டாக்க வேண்டும், அதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. அமைப்பு விவரம் எழுதிய கோப்பு என்று ஒன்று. அதைத் திறந்து, பூட்டுகிற துணை மென்பொருளின் பெயரை ஒரு வரியில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ஜன்னலைத் திறந்தால் வெள்ளையாக ஒரு பக்கம். ஒரு எழுத்து இல்லை, பிழை என்றுகூடச் சொல்லவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றால் மனிதன் என்ன செய்வான்? இரண்டு நாள் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பகல் முழுக்க விசைத்தறிச் சத்தம். மூன்றாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தினார்கள். தறிகளும் நின்றன, கம்ப்யூட்டரும் நின்றது. அந்த அமைதியில் நோட்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒரு காற்புள்ளி. அதை நான் போடவில்லை. ஊரில் உள்ளவன் விட்ட காற்புள்ளிக்கெல்லாம் வட்டம் போட்ட நான்.

கரண்டு வந்ததும் காற்புள்ளியைப் போட்டேன். ஜன்னல் திறந்தது. கடைசியாக, நிறுவுவதற்கு வைத்திருந்த ஃபோல்டரை மறக்காமல் அழிக்கச் சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் வழியில் போகிறவன் எவனும் உள்ளே வந்து மாற்றிவிடலாமாம். அழித்தேன். அமைப்பில் மொழிப் பட்டியல் இருந்தது, அதில் தமிழும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் வந்தது. எனக்கு உண்டான சாவிகள் இரண்டையும் பிரிண்ட் எடுத்து, டேக் போட்டு, ஃபைலில் கோத்து வைத்தேன். இப்படிச் செய்யக் கூடாது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை.

என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் திரும்ப வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். பென்ஷன் விஷயம் என்று பொய் சொன்னேன். ஜன்னல் திறந்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. ஒரு பெண் பெற்ற தகப்பனோடு பேசுவதற்கு இத்தனை பூட்டு எதற்குத் தேவைப்படுகிறது என்று அந்த ஒன்பது நாளில் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் கடிதம் கார்த்திகை பிறந்ததும் வந்தது. கன்னாபின்னாவென்று பத்துப் பதினைந்து வரி. என் ரகசிய வாக்கியத்தைப் போட்டதும் அந்த வரிகள் எல்லாம் மறைந்து, "வந்துச்சுங்களாப்பா?" என்று ஒரே வரி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்ன சொல்லுக்காக இல்லை, அது திறந்ததற்காக.

பதில் எழுதினேன். நோட்டில் இருபதாவது படி, "சப்ஜெக்ட் எழுத வேண்டாம்" என்றது. ஏன் என்று எழுதவில்லை. அவசரத்தில் எழுதிய பக்கம் அது. சரி என்று பொருள் என்ற இடத்தைக் காலியாக விட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். உடனே ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து, பொருள் காலியாக உள்ளது, இப்போது ஒன்றை எழுத விரும்புகிறீர்களா என்று கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அந்த மென்பொருள் மேல் ஒரு மரியாதை வந்தது. இத்தனை நாள் என்னை வதைத்தாலும் ஒழுங்கு தெரிந்ததாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனாலும் மகள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வேண்டாம் என்று அழுத்தினேன். நான்கு கடிதம் அப்படிப் போயிற்று. நான்கு முறையும் அது கேட்டது, நான்கு முறையும் கையைக் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றேன்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் மதியம் நீளமான கடிதம் வந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாளில் எழுதியதாம். அதில் இருந்த சில வரிகள் எனக்கு மனப்பாடம்.

"இங்க யாரும் என்னை அடிக்கலைங்க, திட்டலைங்க. அப்படி எதாச்சும் இருந்திருந்தா சொல்றதுக்குச் சுலுவா இருந்திருக்கும். ரெண்டு வருஷமா நான் தனியா ஒரு நெனப்பு நெனைக்கலைங்கப்பா. பழைய ஆபீஸ்ல திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. தை கடைசிக்குள்ள சேரணும். சர்ட்டிபிகேட் எல்லாம் இங்க பீரோவுல காட்டுப் பத்திரத்தோட இருக்குது. சாவி அத்தைகிட்ட. பொங்கலுக்கு வரும்போது எதாச்சும் சொல்லி எடுத்துட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுங்க. அம்மாவுக்குந்தான். வந்தா நான் நம்மூட்டுல இருக்கலாமுங்களா?"

கடைசி வரியை நான் பல தடவை படித்தேன். எங்கள் வீட்டில் இருக்கலாமா என்று என் மகள் என்னிடம் கேட்கிறாள். எதற்கும் பூட்டு இல்லாத வீடு என்று நான் மெச்சிய வீட்டில் ஒரே ஒரு பீரோ பூட்டியிருக்கிறது, அதற்குள் இவள் படிப்பு இருக்கிறது. நேர்மையாகச் சொல்வதானால் இரண்டு நாள் எனக்குப் புத்தி நிலைகொள்ளவில்லை. சம்பந்தி வீட்டின் மேல் கோபம். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை என்றால் பிறகு என்னதான் குறை என்று மகள் மேலும் கோபம். ஊரில் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பும் வந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மனைவியிடம் சொல்லலாமா என்று அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முடிவுக்கு வந்துவிட்டிருந்தேன்.

என் வாழ்க்கையில் எழுதப் போகிற முக்கியமான கடிதம் இது என்று எனக்குத் தெரிந்தது. முக்கியமான கடிதத்தை நான் நேரடியாக எழுத மாட்டேன். முதலில் வெள்ளைத் தாளில் வரைவு. தாளை மடித்து ஓரம் விட்டு, பேனாவை எடுத்ததும் கை தானாக எழுதியது. "பொருள்: கணவர் இல்லத்திலிருந்து வெளியேறிப் பிறந்த வீட்டில் தங்க மகள் அனுமதி கோரியது – அனுமதி அளித்தல் – தொடர்பாக." அதை எழுதி முடித்ததும்தான் இரண்டு நாளாக இருந்த படபடப்பு அடங்கியது. விஷயம் இன்னது, முடிவு இன்னது என்று ஒரு வரியில் அடங்கிவிட்டால் எனக்கு உலகம் நேராகிவிடும்.

அதற்குக் கீழே எழுத வேண்டியதுதான் வரவில்லை. நீ எதற்கும் கவலைப்படாதே என்று ஆரம்பித்து அடித்தேன். யோசித்துப் பார்த்தாயா என்று ஆரம்பித்து அதையும் அடித்தேன். நான்கு தாள் போனது. கடைசியில் இரண்டே சொல் மிஞ்சியது. "வந்துரு சாமி."

கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரண்டு சொல்லை உள்ளே அடித்தேன். பொருளைப் பொருள் என்ற இடத்தில் அடித்தேன். இருபதாவது படி எனக்கு நினைவே வரவில்லை. வந்திருந்தாலும், இத்தனை பெரிய விஷயத்தைப் பொருள் இல்லாமல் அனுப்ப எனக்கு மனசு வந்திருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. பூட்டுப் படத்தை அழுத்தினேன். பூட்டு விழுந்தது. இந்த முறை அந்தச் சின்னப் பெட்டி குதிக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடிதம் போய்விட்டது. அனுப்பியவை என்ற இடத்தில் போய்ப் பார்த்தேன். என் இரண்டு சொல் கன்னாபின்னாவாகக் கிடந்தது. எனக்கே திறக்கவில்லை, நல்ல பூட்டு என்று மெச்சிக்கொண்டேன். அதற்கு மேலே பொருள் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நான் எழுதியது என்பதால் எனக்குக் காட்டுகிறது என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். மாப்பிள்ளை போன் செய்தார். கரும்புக்காட்டில் இருந்தார் போல, பின்னால் டிராக்டர் சத்தம். ஒரு வரியைப் பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கணவர் இல்லத்திலிருந்து வெளியேறி. தொடர்பாக வரைக்கும் வாசித்தார்.

"மாமா, இது நீங்க அனுப்புனதுங்களா?"

ஆமாம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. பூட்டை உடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் ரகசிய வாக்கியத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஃபைலை எடுத்துத் தாள்களை எண்ணிப் பார்த்தேன்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதில் இரண்டு மாற்றுத் துணி. போன் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, நோட்டுல எழுதியிருந்தனே?"

எல்லாவற்றையும்தான் பூட்டினேன் என்று சொன்னேன். அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூட்டு உள்ளே இருப்பதற்கு மட்டும்தானாம். பொருள் என்பது கவருக்கு மேல் எழுதும் விலாசம் போல, பூட்டுக்கு வெளியேதான் நிற்குமாம், எல்லோருக்கும் தெரியுமாம். அவளுக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் காரணம் எழுதத் தோன்றவில்லை. எனக்குப் பொருள் அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் காரணம் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த அவசரத்திலும் இருபதாவது படிக்கு அடியில் கோடு போட்டிருந்தாள்.

மனைவிக்கு அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னையுமில்ல வெளிய வெச்சுப் பூட்டிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பல நாள் என் தட்டில் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை.

பெரியவர்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். சம்பந்தியம்மாவுக்கு மருமகள் போனதைவிட, தன் வீட்டுக்குள் இத்தனை நாள் ஒரு பூட்டு இருந்தது என்பதுதான் பொறுக்கவில்லையாம். பீரோ சாவியை அவர் தரவில்லை. நகல் சான்றிதழுக்கு எழுதிப் போட்டோம். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன், பொருள், பார்வை எல்லாம் போட்டு. அது வருவதற்குள் தை முடிந்துவிட்டது. பெங்களூர் ஆபீஸில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலை போனதற்கு நான்தான் காரணம். இதை வேறு எந்த விதமாகவும் எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் என்னிடம் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போகவே இல்லை.

மாசியில் ஒரு மதியம் மாப்பிள்ளை வண்டியில் வந்து இறங்கினார். இளைத்திருந்தார். "வாங்க மாப்ள" என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கையில் இருந்த ஃபைலை மேஜை மேல் வைத்தார். சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கிறது, அம்மாவுக்குத் தெரிந்துதான் எடுத்து வந்தேன் என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஒன்னு கேக்கோணுமுங்க மாமா. அந்தக் கடுதாசில உள்ள என்ன எழுதியிருந்தீங்க?"

சொன்னேன். இரண்டே வார்த்தைதான், வந்துரு சாமி என்று.

"ரெண்டு வார்த்தைக்கு எதுக்குங்க மாமா பூட்டு?"

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. இரண்டு மாசமாக அந்தப் பூட்டுக்குள் தன்னைப் பற்றி என்னென்ன இருக்கும் என்று அவரே மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அப்போதுதான் முதல் முறையாக இரக்கம் வந்தது. வாங்க காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். ஜன்னலைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். கன்னாபின்னா எழுத்து, மேலிருந்து கீழ் வரைக்கும். அவர் குனிந்து பார்த்தார்.

"இத்தன வரி இருக்குதுங்களே" என்றார்.

இரண்டு சொல்லைப் பூட்டினால் இத்தனை வரி ஏன் ஆகிறது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. நான் எழுதியதை நானே திறக்க முடியாது என்பதை அவருக்குச் சொல்ல முயன்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போல் கேட்டது. உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் பெட்டியை மூடிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தாள். அந்தக் கடிதம் அங்கே இன்னும் பூட்டுத் திறக்காத கடிதமாகவே இருந்தது. தன் ரகசிய வாக்கியத்தை வேகமாக அடித்தாள். வரிகள் எல்லாம் மறைந்தன.

வந்துரு சாமி.

மாப்பிள்ளை அதைப் படித்தார். திரும்பவும் படித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிமிர நேரம் ஆனது. பிறகு யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவளும் அதை அப்போதுதான் படிக்கிறாள். அழுவாளோ என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழவில்லை. மேலே இருந்த என் நீளமான வரியையும், கீழே இருந்த இரண்டு சொல்லையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்த ரெண்டு வார்த்தைய மேல எழுதிட்டு அத உள்ள எழுதியிருக்கலாமுங்கப்பா. பொங்கலுக்குக் கூப்புடறீங்கன்னு நெனச்சிருப்பாங்க. அவரே வண்டில கொண்டாந்து உட்டிருப்பாருங்க."